அத்தான் மேல்பக்கம் தேய்த்த டிஸ்க்

என் அக்காள் புருஷன் ஒரு சிடியைக் கையில் எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலை நடு ஓட்டையில் விட்டு, கட்டைவிரலால் ஓரத்தைத் தாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியிலிருந்து தூக்குவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் தும்மக் கூடாது. ஒருமுறை நான் தும்மிவிட்டேன். டிஸ்கைத் திரும்பவும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, நான் அறையை விட்டுப் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் கொடுத்த வீட்டு மச்சினன் என்கிற மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அத்தானுக்குத் தொழில் பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதை வைத்துச் செட் செய்து அனுப்புவார். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறைப் பட்டறை. உள்ளே நுழைந்தால் அலமாரி முழுக்கச் சுண்ணாம்பு வாய்கள் நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் சாணைச் சக்கரம், அதன் கீழே நனைந்த பாலிஷ் பொடி, மேஜையில் ஈறு நிறத்தில் பிசைந்து வைத்த மாவு. அங்கே உட்கார்ந்து எனக்கு ஒரு வாய் டீ உள்ளே இறங்கியதில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பாட்டையே முடிப்பார்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பல்செட்டின் வெளிப்பக்கத்தைச் சக்கரத்தில் கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்கலாம். ஈறில் உட்காரும் பக்கத்தை மட்டும் தொடவே கூடாது. அந்த ஆளின் வாய் மேடுபள்ளத்தோடு அங்கேதான் பதிந்திருக்கிறது. அதைத் தேய்த்தால் செட் வாயில் நிற்காமல் லொடலொடவென்று ஆடும். "அச்சுப் பக்கத்துல கை வச்சா, அன்னிக்கே பட்டறையப் பூட்டிட்டு வேற பொழப்பப் பாக்கணும்" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார்.

சிடிக்கும் அவருக்கும் எப்படிச் சிநேகம் ஆயிற்று என்றால், அக்கா பாட்டு கேட்கிறவள். அவளுடைய டிஸ்க்குகள் திக்கித் திக்கிப் பாட ஆரம்பித்தபோது, இவர் ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துக் காயவைத்தார். பாதிக்கு மேல் பாட ஆரம்பித்துவிட்டன. சும்மா விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். ஆனால் தெருவில் பேர் கிளம்பிவிட்டது. மாடியில் குடியிருந்த டிரைவிங் ஸ்கூல் அம்மா, தான் டம்ளர் வைக்கப் பயன்படுத்திய ஒரு டிஸ்கைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் பாடிற்று. அன்றிலிருந்து அத்தான் 'டிஸ்க் டாக்டர்' ஆனார், எங்கள் காதுகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது.

"வட்டமா ஏன் தொடைக்கக் கூடாது சொல்லு?" என்று சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"நீங்களே சொல்லுங்க அத்தான்."

"பாட்டு சுத்திச் சுத்திப் பதிஞ்சிருக்கு. வட்டமாத் தொடைச்சுக் கீறல் விழுந்தா, அது பாட்டு போற வழியிலயே நீளமா விழும். குறுக்க விழுந்தா அங்கங்க ஒரு புள்ளிதான் போகும். ஒரு வரியில ஒரு எழுத்து அழிஞ்சா நீ முன்னாடி பின்னாடி பாத்து ஊகிச்சுடுவ இல்ல? பிளேயரும் அதத்தான் பண்ணும். வரியே போச்சுன்னா அது என்ன பண்ணும், பாவம்?"

அத்தோடு விடமாட்டார். உள்ளே ஊசி கிடையாது, சின்னதாக ஒரு வெளிச்சம்தான் கீழேயிருந்து டிஸ்கின் மேல் விழும், வெள்ளிப் பூச்சில் பட்டுத் திரும்பும், பள்ளம் இருந்தால் மங்கலாகவும் சமதளத்தில் பளிச்சென்றும் திரும்பும், அந்த மங்கலையும் பளிச்சையும் கணக்குப் பண்ணித்தான் பாட்டு என்பார். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகும், ஓரத்துக்கு வர வர டிஸ்க் மெதுவாகச் சுற்றும் என்பார். வெயிலில் வைக்காதே, பெட்டியில் நிற்கவைத்தாற்போல் அடுக்கு, பென்சிலால் எழுதாதே என்பார். எல்லாம் சரியான விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கை காய்ந்துபோகும்வரை ஒருத்தன் எச்சில் தட்டோடு உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வருமா வராதா?

இவ்வளவு டிஸ்க் கழுவினவருக்கு உயிர் எல்லாம் ஒரே ஒரு டிஸ்கின் மேல்தான். அது அவர்களுடைய கல்யாண வரவேற்பில் மைக்செட்காரர் பதிவு செய்து கொடுத்தது. ஆரம்பத்தில் யார் யாரோ பாடுவார்கள், நடுவில் யார் யாரோ வாழ்த்துவார்கள், கடைசியில் என் அப்பா பேசுவார்.

அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று எழுதிக்கொடுப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் நெளிசல்தான் அவர் கண்ணில் படும். கல்யாணத்தன்று எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மைக்கைப் பிடித்தார்.

"மாப்பிள்ளைய நான் ஒரு வண்டியப் பாக்கற மாதிரிதான் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். "முன்பக்கம் பாருங்க, முடி இப்பவே ரிவர்ஸ் எடுக்குது. ரெண்டு ஹெட்லைட்டுக்கும் கண்ணாடி போட்டிருக்கு. ஹாரன் வேலை செய்யுதான்னு தெரியல, நிச்சயம் பண்ணின நாள்லேருந்து ஒரு சத்தமும் வரல. பிக்கப் சுத்தமா இல்ல. ஒரு சட்டை எடுக்க அரை நாள் கடையில நின்னார், கடைசியில என் பொண்ணு எடுத்துக் குடுத்தா. பெயிண்ட் மட்டும் புதுசு. அதுவும் இன்னிக்குக் காலையில பூசினது."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இழுபடும் சத்தம்கூட டிஸ்கில் கேட்கும். சிரிப்பு அடங்கின பிறகு மறுபடியும் எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "இத்தனை கொறை சொன்னேன். ஆனா இந்த வண்டி நடுவழியில நிக்காது. என் பொண்ண இதுல ஏத்தி விட எனக்குப் பயமில்ல."

அவ்வளவுதான், டிஸ்க் முடிந்துவிடும். அதற்கப்புறம் அப்பா இருந்தவரைக்கும் அத்தானைப் பற்றி இன்னொரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவோ இன்னும் ஒருபடி மேல். அவள் அக்காவுக்கு வேறொரு இடம் பார்த்து வைத்திருந்தாள், சொந்த வீடு, ஆபீஸ் உத்தியோகம். அக்கா பல்செட்காரரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அம்மா சம்மதித்தாள், ஆனால் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு அவரக் கேளு" என்று என்னிடம் சொல்வாள். "போதும்னு சொல்லு" என்பார் அவரும் என்னிடம். ஒருநாள் வீட்டில் வேறு யாருமே இல்லாதபோது, ஃபிரிட்ஜைப் பார்த்து "குடைய மறந்துட்டுப் போறார்னு சொல்லு" என்றாளாம். அத்தான் வந்து குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆக, எங்கள் வீட்டில் அத்தானுக்குக் கிடைத்த நற்சான்று மொத்தமும் அந்தக் கடைசி இரண்டு வரிதான். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அக்கா டிஸ்கைப் போடுவாள். திட்டெல்லாம் முடியும்வரை அத்தான் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். 'நடுவழியில நிக்காது' வரும்போது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். அம்மா அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பா போன பிறகு அக்காவுக்கும் அது வெறும் பேச்சாக இல்லை, அப்பாவே வந்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

இந்த வருடம் இருபத்தைந்தாவது கல்யாண நாள். போதாததற்கு, புதிதாகக் கல்யாணமான அவர்கள் மகளும் மருமகனும் வருவதாக இருந்தது. மனைவியின் தாத்தா பேசிய பேச்சைப் பற்றி மருமகன் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறான், கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தான். எதற்கும் முன்னாடியே போட்டுப் பார்ப்போம் என்று அக்கா போட்டாள். பிளேயர் உள்ளே கடகடவென்று ஆடிற்று. அப்பா 'முன்பக்கம், முன்பக்கம், முன்பக்கம்' என்று அங்கேயே நின்றுவிட்டார்.

அத்தான் கழுவினார், துடைத்தார். பிளேயரின் லென்ஸைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார். அப்படியும் ஆடிற்று. அப்புறம்தான் நோயைக் கண்டுபிடித்தார். கல்யாணத் தேதியை எழுதி அக்கா டிஸ்கின் மேல்பக்கம் ஓரமாக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தாள். அது பாதி பிய்ந்து, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் கனத்த டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது ஆடத்தானே செய்யும்? காரணம் கண்டுபிடித்ததில் ஒரு பிசகும் இல்லை. அதை இன்றைக்கும் அவருக்காக நான் சாட்சி சொல்வேன்.

டிஸ்கைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். காகிதம் ஊறி வந்துவிட்டது, பசை மட்டும் போகவில்லை. இங்கேதான் அவர் தொழில்புத்தி வேலை செய்தது. பளபளக்கிற பக்கம்தான் பாடுகிற பக்கம், அதாவது அச்சுப் பக்கம், அதைத் தொடக் கூடாது. மேல்பக்கம் வெறும் முதுகு, அதை மினுக்கலாம். பளபளப்பான பக்கத்தை மெத்தென்று துணியில் படுக்கவைத்து, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி சுற்றிலும் மூடினார். சின்னப் பஞ்சுச் சக்கரத்தில் பாலிஷ் பசையைத் தொட்டு, காகிதத்தின் பசை இருந்த ஓரத்தை மட்டும் இதமாகத் தேய்த்தார். கழுவினார். அழகு பார்க்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

எனக்குப் போன் வந்தது. "மாப்ள, கொஞ்சம் பட்டறைக்கு வரியா?" குரல் சரியில்லை. ஏதோ நெஞ்சுவலி என்று நினைத்து ஓடினேன். மனிதர் நன்றாகத்தான் இருந்தார், முகம் மட்டும் அலமாரியில் இருந்த சுண்ணாம்பு வாய்களின் நிறத்துக்கு வந்திருந்தது. டிஸ்கை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"டியூப்லைட்டு."

"தெரியக் கூடாது மாப்ள."

ஓரத்தில், வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு வெள்ளிப் பூச்சே இல்லை. ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது.

மேஜையில் வேறொரு செத்த டிஸ்க் இருந்தது. அதன் மேல்பக்கம் ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். வெள்ளி முழுக்க நாடாவோடு வந்துவிட்டது. கையில் மிஞ்சியது தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் வட்டம். "கீழ்ப்பக்கம் தடிமனா பிளாஸ்டிக்தான். அதுல சின்னக் கீறல் இருந்தாலும் வெளிச்சம் தாண்டிப் போயிடும். ஜன்னல் கண்ணாடியில தூசி இருந்தா தெரு தெரியாமலா போகுது? பதிஞ்சதெல்லாம் மேல்பக்கம் ஒட்டி இருக்கு. அதுக்கு மேல வெறும் வார்னிஷ். நான் ஈறுப் பக்கத்தத் தேச்சுட்டேன் மாப்ள."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "ஊருக்கே பாடம் எடுத்தீங்களே! நான் தும்மினதுக்கு என்ன வெளியில அனுப்பினீங்களே!" அவர் டிஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பேன்.

பட்டறையிலிருந்த பிளேயரில் போட்டோம். காகிதம் போய்விட்டதால் கடகட சத்தமே இல்லை. அப்பா முன்பைவிடத் தெளிவாக இருந்தார். முடி ரிவர்ஸ் எடுத்தது, ஹெட்லைட், ஹாரன், பிக்கப், பெயிண்ட், எல்லாம் கணீரென்று வந்தது. மண்டபம் சிரித்தது. நாற்காலி இழுபட்டது. அப்புறம் டிக், டிக், டிக். பிளேயர் நின்றுவிட்டது. டிஸ்க் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாடும் என்று அவர்தானே சொல்வார்? கடைசி வரி ஓரத்தில் இருந்திருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், கேட்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அப்பா திட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டார், பேச்சு முடிந்தது. அவ்வளவு லட்சணமாக முடிகிறது. 'இதற்கப்புறம் என்னைப் பாராட்டினார், அது மட்டும் அழிந்துவிட்டது' என்று அத்தானே சொன்னால் எந்த மருமகன் நம்புவான்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

காப்பி இருக்குமே என்று கேட்பீர்கள். அக்கா என்னிடம் இருக்கும் என்று நினைத்தாள், நான் அவள் மகளிடம் இருக்கும் என்று நினைத்தேன், மகள் தன் அப்பாவே எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். அத்தானோ, ஒரிஜினல் நல்லா இருக்கும்போது நகல் எதுக்கு என்று இருந்துவிட்டார். மைக்செட்காரரைத் தேடிப் போனோம். அவர் இப்போது மெத்தை விற்கிறார். பழைய பதிவு எதுவும் இல்லை, மெத்தை வேண்டுமா என்று கேட்டார். அத்தான் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை நகத்துண்டு அளவுக்கு வெட்டி ஓட்டையில் ஒட்டிப் பார்த்தார். பிளேயர் தட்டை வெளியே தள்ளிவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் டிஸ்கைப் பார்த்துவிட்டு, "யார் சார் இப்படிப் பண்ணினது?" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட்டார். அவள் டிஸ்கை வாங்கி, ஓரத்து ஓட்டை வழியே ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்தாள்.

"எங்கப்பா உங்கள நல்லதா சொன்னது அது ஒண்ணுதாங்க."

"தெரியும்."

"அதப் போயி அழிச்சிருக்கீங்க."

"தெரியும்மா."

"திட்டினது?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. முன்னவிட நல்லாக் கேக்குது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் போய் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் துணியோடு நின்றார். அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மற்ற நாளில் அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண நாளன்று மத்தியானம் எல்லோரும் கூடினோம். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று மறைத்துவிடலாம் என்றேன் நான். அத்தான் கேட்கவில்லை. "பையன் ஆசையா வரான். அவர் குரலாவது கேக்கட்டும்" என்று தானே போட்டார். விரலை நடு ஓட்டையில் விட்டு, ஓரத்தைத் தாங்கி, அதே பக்குவத்தோடு.

மருமகன் சிரித்துச் சிரித்துச் சிவந்துபோனான். பெயிண்ட் வந்தபோது மேஜையைத் தட்டினான். நாற்காலி இழுபட்டது. டிக், டிக், டிக். நின்றது.

"செமயா முடிச்சிருக்கார் தாத்தா!" என்று கைதட்டினான். தட்டின பிறகுதான் மாமனார் எதிரில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"முடியல மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றாள் அக்கா. எழுந்து, சொல்லிக் காட்டினாள். நடுவழியில நிக்காது, ஏத்தி விடப் பயமில்ல, எல்லாம் சொன்னாள். "ஆமா ஆமா, எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு" என்று நான் ஒத்து ஊதினேன். அளவுக்கு மீறி ஊதிவிட்டேன் போலிருக்கிறது. மருமகன், "அப்படிங்களா மாமா, ரொம்ப சந்தோஷம்" என்றான். நம்பவில்லை என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. அத்தான் டிஸ்கை எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனார்.

"அது உங்கப்பா வார்த்தை இல்ல" என்றாள் அம்மா.

அத்தானின் கை அப்படியே நின்றுவிட்டது. இருந்த ஒன்றும் போயிற்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, இன்னிக்குமா?" என்றேன்.

"நீ சும்மா இரு. அவர்கிட்ட சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து. "உங்கப்பா அதோட உக்காந்துட்டார். சொல்றதுக்கு அவர்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. எல்லாரும் சிரிக்கறாங்க, அந்தப் புள்ள மட்டும் மேடையில தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. தொடையில நறுக்குன்னு கிள்ளி, எந்திரிச்சு நல்லதா ஒண்ணு சொல்லுங்கன்னேன். என்னத்தச் சொல்றதுன்னார். வண்டி பாஷையிலயே சொல்லுங்க, நடுவழியில நிக்காது, என் பொண்ண ஏத்தி விடப் பயமில்லன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது என் வார்த்தை. சொல்லு அவர்கிட்ட."

நான் சொல்லவில்லை.

"கேட்டுச்சு அத்தை" என்றார் அத்தான்.

அக்காதான் முதலில் தேறினாள். "ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அவர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் வருஷா வருஷம் டிஸ்க் சொல்லிட்டு இருந்துச்சே" என்றாள் அம்மா. பிறகு ஜன்னல் பக்கமும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராக அவர் பக்கம் திரும்பினாள். "அதையும் தேச்சு அழிச்சுட்டீங்க. இனிமே நானேதான சொல்லியாகணும், மாப்பிள்ளை?"